கடுங்குளிரில் ஆர்.வி. பயணம்: வண்டியின் தண்ணீர்க் குழாய்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து ஜனவரியில் ஆர்.வி., அதாவது படுக்கையும் சமையலறையும் கழிவறையும் உள்ள டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஃபுளோரிடாவுக்குப் புறப்படுகிறவர்கள் பலர். ஐ-75 நெடுஞ்சாலையில் மிச்சிகன், ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி ஆகிய மாநிலங்களைக் கடந்து ஜார்ஜியாவின் தென்பகுதியை எட்டும் வரை, முதல் இரண்டு மூன்று இரவுகள் உறைகுளிரில்தான் கழியும். அந்த இரவுகளில் வண்டியின் தண்ணீர்க் குழாய்களை எப்படிக் காப்பது என்று நண்பர்களும் உறவினர்களும் எங்களிடம் கேட்ட கேள்விகளையும், எங்கள் டிரெய்லரில் கற்றுக்கொண்டவற்றைக் கொண்டு நாங்கள் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

குழாயில் தண்ணீர் உறைந்தால் உண்மையில் என்ன நடக்கிறது? பெக்ஸ் என்னும் வளையும் பிளாஸ்டிக் குழாய்கள் உறைந்தாலும் உடையாது என்கிறார்களே?

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் பெருகுகிறது. பனிக்கட்டி உருவாகும் இடத்திலேயே குழாய் பிளக்கும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. வளர்ந்துகொண்டே போகும் பனி, தனக்கும் மூடியிருக்கும் குழாய்முனைக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட தண்ணீரை நெருக்குகிறது. போக வழியில்லாத அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஏறி, எங்கே பலம் குறைவோ அங்கே உடைக்கிறது. அதனால்தான் பனி இருந்த இடம் ஒன்றாகவும் ஒழுகும் இடம் வேறாகவும் இருக்கின்றன.

பெக்ஸ் குழாய் விரிந்துகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் வண்டியில் இருப்பது பெக்ஸ் மட்டுமல்ல. குழாய்களை இணைக்கும் பிளாஸ்டிக் முழங்கைகள், பம்பின் தலைப்பகுதி, ஃபில்டரின் கூடு, கழிவறைத் தொட்டியின் வால்வு, குழாய்முனைக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜ் ஆகியவை விரிந்துகொடுப்பதில்லை, விரிசல் விட்டுவிடும். உறைந்து உடைந்தவற்றைத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதையும் முன்னரே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை டிகிரியில் கவலைப்பட வேண்டும்?

இரவில் ஓரிரு மணி நேரம் பூச்சியத்தைத் தொட்டுவிட்டுப் பகலில் ஏறிவிடும் குளிர், உள்ளே வெப்பம் இருக்கும் வண்டியைப் பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. −4 அல்லது −5 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் நிற்க வேண்டியிருந்தால் நான் குழாயில் வெறும் தண்ணீரை விட்டுவைக்கமாட்டேன். வண்டிக்கு வண்டி இந்த எல்லை மாறும். பம்ப் எந்த அறைக்குள் இருக்கிறது, வண்டியின் அடிப்பகுதி மூடப்பட்டிருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தது அது.

காற்றடியால் உணரப்படும் குளிரைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும் குழாயின் வெப்பநிலை சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையைவிடக் கீழே போகாது. ஆனால் அந்த வெப்பநிலையை மிக விரைவில் அடைந்துவிடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸை அணைத்துவிட்டு ஓடும் டிரெய்லரின் அடியில் நாள் முழுவதும் நடப்பது இதுதான். நிறுத்தி வைத்த வண்டி ஓர் இரவு முழுவதும் தாங்கிய குளிரை, ஓடும் வண்டி சில மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம்.

அப்படியானால் குழாய்களைக் காலி செய்துவிட்டுப் பயணிப்பதா, தண்ணீரை வைத்துக்கொண்டு வெப்பத்தால் காப்பதா?

இரண்டில் ஒன்றைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். வண்டியின் குழாய்களில் ஆன்டிஃப்ரீஸ் என்னும் எளிதில் உறையாத திரவம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரவும் பகலும் விடாமல் வெப்பம் பெறும் தண்ணீர் இருக்க வேண்டும். பாதித் தொட்டித் தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்வோம், கைகழுவ ஒரு குழாயை மட்டும் பயன்படுத்துவோம், மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற இடைப்பட்ட நிலையில்தான் நான் அறிந்த உடைப்புகள் பெரும்பாலும் நேர்ந்திருக்கின்றன.

அடிப்பகுதி மூடப்பட்டு, ஃபர்னஸின் சூடான காற்று அங்கேயும் செல்லும்படி கட்டப்பட்ட, தொட்டிகளுக்கு 12 வோல்ட் வெப்பத் தகடுகள் பொருத்தப்பட்ட வண்டிகள் உண்டு. ஒரே இடத்தில் மின் இணைப்புடன் தங்குவதாக இருந்தால் அத்தகைய வண்டியில் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். மூன்று நாள் சாலையிலேயே கழியும் பயணத்துக்கு, எந்த வண்டியாக இருந்தாலும், குழாய்களை ஆன்டிஃப்ரீஸால் நிரப்பிவிட்டுப் புறப்படுவதே சரி என்பது என் முடிவு. வீட்டில் குளிர்காலம் முழுவதும் நிற்கும் வண்டிக்குச் செய்வதும் இதே வேலைதான். இலையுதிர் காலத்தில் ஏற்கனவே செய்திருந்தால் அப்படியே இழுத்துக்கொண்டு புறப்படலாம்.

எந்த ஆன்டிஃப்ரீஸ் வாங்க வேண்டும்? எவ்வளவு தேவைப்படும்?

ஆர்.வி.க்கென்றே விற்கப்படும், இளஞ்சிவப்பு நிறமுள்ள, புரொப்பிலீன் கிளைக்கால் கலந்ததை மட்டுமே வாங்குங்கள். காரின் ரேடியேட்டருக்கு ஊற்றுவதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது கொடிய நச்சு. நாம் குடிக்கும் தண்ணீர் வரும் குழாயில் ஒரு துளியும் சேரக்கூடாது. எத்தனால் கலந்த மலிவான வகையும் கடைகளில் கிடைக்கிறது. அது எரியக்கூடியது, ரப்பர் வளையங்களை உலர்த்திவிடும், அதன் சுவையும் எளிதில் போகாது. ஆகவே கேனின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேனில் −50 என்று பெரிதாக எழுதியிருப்பது ஃபாரன்ஹீட் அளவு. செல்சியஸில் ஏறக்குறைய −46. அந்த அளவு வரை குழாய் உடையாது என்பதுதான் அதன் பொருள். அதுவரை திரவம் தண்ணீர்போல் ஓடும் என்பதல்ல. −10 டிகிரி செல்சியஸை ஒட்டியே அது குழைந்த பனிபோலக் கெட்டியாகத் தொடங்கிவிடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பனிக்கட்டிபோல இறுகி விரியாததால் அது குழாயை உடைப்பதில்லை. ஆனால் இந்த அளவெல்லாம் கலப்படமில்லாத திரவத்துக்கு உரியது. குழாயில் எஞ்சிய தண்ணீர் அதனுடன் கலந்தால் பாதுகாப்பும் அந்த அளவுக்குக் குறையும். சஸ்காட்செவன், மனிடோபா போன்ற இடங்களின் குளிரைச் சந்திக்கப்போகிறவர்கள் −100 என்று எழுதியிருக்கும் வகையை வாங்குவது நல்லது.

வாட்டர் ஹீட்டரைத் தவிர்த்துவிட்டு நிரப்பினால், நடுத்தர டிரெய்லருக்கு 2 முதல் 3 கேலன், அதாவது 8 முதல் 11 லிட்டர் போதும். கழிவுக் குழாய்களுக்கும் பயணத்தில் கழிவறைக்கும் என்று இன்னும் இரண்டு கேன்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் கம்ப்ரசரால் ஊதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டால் போதாதா?

போதும் என்று பல ஆண்டுகளாக அதையே செய்துவருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஊதுவதை முதல் வேலையாகவும் ஆன்டிஃப்ரீஸை அடுத்த வேலையாகவும் செய்கிறேன். காற்று நேர்க்குழாயில் உள்ள தண்ணீரைத் தள்ளிவிடும்; தாழ்வான வளைவுகளிலும் பம்பின் உள்ளறையிலும் தேங்கியதைச் சில வேளைகளில் விட்டுவிட்டு மேலாக ஓடிவிடும். ஊதுவதாக இருந்தால் அழுத்தத்தை 30 முதல் 40 பி.எஸ்.ஐ. அளவில் வைத்து, ஒவ்வொரு குழாய்முனையாகத் திறந்து ஊதுங்கள். எல்லாவற்றையும் மூடிவைத்துக்கொண்டு காற்றை ஏற்றினால், பனி செய்யும் சேதத்தைக் காற்றே செய்துவிடும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

முந்தைய இரவே வாட்டர் ஹீட்டரை, எரிவாயு, மின்சாரம் இரண்டிலும் அணைத்துவிடுங்கள். காலையில் அது ஆறியிருக்க வேண்டும். நல்ல தண்ணீர்த் தொட்டியின் வடிகாலைத் திறந்துவிட்டு, கழிவுத் தொட்டிகளை அதற்குரிய நிலையத்தில் காலி செய்யுங்கள். வண்டியின் அடியில், குழாய்களின் மிகத் தாழ்ந்த இடத்தில் இரண்டு வடிகால்கள் இருக்கும். பல வண்டிகளில் வெந்நீருக்குச் சிவப்பும் தண்ணீருக்கு நீலமுமாக இருக்கும். அவற்றைத் திறந்துவிட்டு, உள்ளே எல்லாக் குழாய்முனைகளையும் திறந்தால் காற்று உள்ளே போய்த் தண்ணீர் முழுவதும் இறங்கும். பம்பைச் சில நொடிகள் மட்டும் ஓடவிட்டு அதன் வயிற்றில் உள்ளதையும் வெளியேற்றுங்கள். குடிநீர் ஃபில்டரின் உள்ளே இருக்கும் வடிகட்டியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஆன்டிஃப்ரீஸ் பட்டால் அது வீணாகிவிடும்.

பிறகு வாட்டர் ஹீட்டரின் பின்புறத்தில் உள்ள பைபாஸ் வால்வுகளைத் திருப்பி, திரவம் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிச் செல்லும்படி செய்யுங்கள். திறந்த வடிகால்களையும் குழாய்முனைகளையும் மூடுங்கள். பம்பின் வாயில் பல வண்டிகளில் ஒரு சிறு திருப்பு வால்வும், அதிலிருந்து ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயும் இருக்கும். குழாயின் நுனியை ஆன்டிஃப்ரீஸ் கேனுக்குள் அடிவரை இறக்கி, வால்வைத் திருப்பி, பம்பை இயக்குங்கள். அந்தத் திருப்பு வால்வு இல்லாத வண்டிக்கு அதை வாங்கிப் பொருத்துவது பெரிய வேலையல்ல. நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் ஆன்டிஃப்ரீஸை ஊற்றி வீணாக்குவதைவிட அது மேல்.

பம்புக்கு அருகில் உள்ள குழாயில் தொடங்கித் தொலைவில் உள்ளதை நோக்கிச் செல்லுங்கள். வெந்நீர்ப் பக்கத்தைத் திறந்தால் முதலில் காற்றுடன் தெளிந்த தண்ணீர் துப்பும். பிறகு வெளிறிய ரோஜா நிறம் வரும். சில நொடிகள் கழித்துக் கேனில் உள்ள அதே அடர்ந்த நிறம் இடைவிடாமல் வரும். வெளிறிய நிறத்தைக் கண்டவுடனே மூடிவிடாதீர்கள். தண்ணீர் இன்னும் கலந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துக் கேனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது என் மனைவி கண்டுபிடித்த வழி. நிறத்தைக் கண்ணால் மட்டும் கணிப்பதைவிட அது நம்பகமானது. வெந்நீர்ப் பக்கம் முடிந்ததும் தண்ணீர்ப் பக்கம். அதன் பின் ஷவர், கழிவறை, வெளிப்புறக் குழாய்கள்.

கடைசியாக, கேம்ப்கிரவுண்டின் தண்ணீரை இணைக்கும் வெளிவாயில். அதன் உள்ளே தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் சிறிதளவு தண்ணீர் நிற்கும். பம்பை அணைத்து, ஏதாவது ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகே அங்கிருக்கும் சிறு வலையை எடுக்க வேண்டும். நடுவில் உள்ள முள்ளை மெதுவாக அழுத்தினால் நின்றது வெளியே வரும். தெளிந்த தண்ணீராகவே வந்தால், மற்றொருவரைக் கொண்டு பம்பை ஒரு நொடி இயக்கச் சொல்லி, நிறம் வரும் வரை பாருங்கள்.

சிங்க், வாஷ்பேசின், ஷவர் ஆகியவற்றின் கீழே வளைந்து செல்லும் கழிவுக் குழாய் ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை ஆன்டிஃப்ரீஸை ஊற்றுங்கள். கழிவுத் தொட்டிகளிலும் ஒரு லிட்டரேனும் ஊற்றினால் அவற்றின் வால்வுகள் உறைந்து ஒட்டிக்கொள்ளாது.

வாட்டர் ஹீட்டருக்குள் ஆன்டிஃப்ரீஸ் வேண்டாமா?

வேண்டாம். தொட்டியுள்ள ஹீட்டர்கள் பெரும்பாலும் 6 அல்லது 10 கேலன், அதாவது 23 அல்லது 38 லிட்டர் கொள்ளும். அதை நிரப்புவது வீண் செலவு. வடித்துவிட்டால் போதும். அடியில் சிறிதளவு தண்ணீர் தங்கினாலும் அது விரிவதற்கு மேலே இடம் இருப்பதால் தொட்டிக்கு ஆபத்தில்லை.

வடிக்கும் முறை தயாரிப்புக்கேற்ப மாறும். சபர்பன் ஹீட்டரின் தொட்டி இரும்பாலானது. துருவைத் தான் ஏற்றுக்கொண்டு தொட்டியைக் காக்கும் அனோடு தண்டு ஒன்று அதன் வடிகாலில் திருகப்பட்டிருக்கும். அதைக் கழற்ற 1 1/16 அங்குல சாக்கெட் தேவை. கழற்றியதும் பாருங்கள்; முக்கால் பங்கு தேய்ந்திருந்தால் புதியது போட வேண்டும். ஆட்வுட் ஹீட்டரின் தொட்டி அலுமினியம். அதில் தண்டு கிடையாது, பிளாஸ்டிக் மூடிதான். எதுவானாலும், ஹீட்டர் ஆறிவிட்டதா என்று பார்த்து, மேலே உள்ள பாதுகாப்பு வால்வைத் தூக்கி அழுத்தத்தை விட்ட பிறகே மூடியைத் தொடுங்கள். அழுத்தத்துடன் பீறிடும் வெந்நீர் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். தொட்டியில்லாத உடனடி ஹீட்டர்களுக்கு அவற்றின் கையேடு சொல்லும் முறையை மட்டுமே பின்பற்றுங்கள்.

எல்லாம் செய்த பிறகும் உடைகிறதே, எதை மறக்கிறோம்?

வெளிப்புற ஷவரை. எங்கள் டிரெய்லரில் முதல் ஆண்டு அதைத்தான் மறந்தோம். அதன் சிறு கதவு வண்டியின் பின்பக்கம், வண்ணக் கோடுகளுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. மீண்டும் தண்ணீரை நிரப்பியபோது எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் பம்ப் நிற்காமல் ஓடியது. ஒரு மணி நேரம் தேடி, படுக்கைக்குக் கீழே உள்ள பலகையைத் திறந்தபோது, ஒரு பிளாஸ்டிக் முழங்கையில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தது. விரலால் அழுத்தினால் மட்டுமே கண்ணில் படும் அந்தக் கோட்டிலிருந்து வந்த தண்ணீர், தரைப் பலகையை ஏற்கனவே ஊறவைத்திருந்தது. முழங்கையை மாற்றுவது எளிதாகவே முடிந்தது. ஊறிய பலகையை உலர்த்தத்தான் நாட்கள் பிடித்தன.

கழிவறையில் உள்ள கைத்தெளிப்பான், பிளாக் டேங்கை (கழிவறைக் கழிவு சேரும் தொட்டியை) கழுவும் தனி வாய், குளிர்பதனப் பெட்டியின் ஐஸ் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம், வெளிச் சமையல் மேடையின் குழாய் ஆகியவையும் இதே வகை. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, தண்ணீர் வரக்கூடிய ஒவ்வொரு இடத்தையும் தாளில் எழுதி, நிறம் வந்ததும் ஒவ்வொன்றாக அடித்துவிடுங்கள்.

குழாயில் தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் எப்படிச் சமாளிப்பது?

குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் தண்ணீரை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காரின் உள்ளே வைத்தால் இன்னும் நல்லது. கழிவறையைப் பயன்படுத்தலாம். பிளாக் டேங்கில் முதலிலேயே இரண்டு லிட்டர் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றிவிட்டு, ஒவ்வொரு முறையும் கேனிலிருந்து அரைக் கோப்பை ஆன்டிஃப்ரீஸை ஊற்றிக் கழுவுங்கள். காரின் கண்ணாடி கழுவும் திரவத்தைச் சிலர் ஊற்றுகிறார்கள். அதில் மெத்தனால் என்ற நச்சு இருப்பதால் நான் அதை ஏற்கமாட்டேன். பாத்திரங்களைத் துடைத்தெடுத்துவிட்டு, ஒரு வாளியில் கழுவினால் போதும்.

நாங்கள் தண்ணீருடன் குளிரிலேயே தங்கப்போகிறோம். மின்சார ஹீட்டர் வைத்துக்கொண்டால் ஃபர்னஸ் எரிக்கும் புரொப்பேன் எரிவாயு மிச்சமாகுமே?

அந்தச் சிக்கனம்தான் பல வண்டிகளில் குழாயை உடைத்திருக்கிறது. அடிப்பகுதிக்கு வெப்பம் போவது ஃபர்னஸின் காற்றுக் குழாய்கள் வழியாக. அறையில் வைத்த மின்சார ஹீட்டர் உங்களைச் சூடாக வைத்திருக்கும். அறை சூடாக இருப்பதால் தெர்மோஸ்டாட் ஃபர்னஸை இயக்காது. தரைக்கு அடியில் குழாய்களும் தொட்டிகளும் உறைந்துகொண்டிருக்கும். வெளியே உறைகுளிர் இருக்கும் இரவில் ஃபர்னஸ் அவ்வப்போது ஓடத்தான் வேண்டும். சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவையுங்கள்.

கேம்ப்கிரவுண்டிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழலை இரவில் கழற்றி, வடித்து, உள்ளே வைத்துவிட்டு, வண்டியின் தொட்டியிலிருந்தே தண்ணீரை எடுங்கள். அல்லது மின்சாரத்தால் சூடாகும் குழலை வாங்குங்கள். கிரே டேங்கின் (சிங்க், ஷவர் கழிவுநீர் சேரும் தொட்டியின்) வால்வை மூடியே வைத்திருந்து, நிறைந்ததும் ஒரே முறையில் வெளியேற்றுங்கள். திறந்து வைத்தால் சொட்டுச் சொட்டாக ஒழுகும் தண்ணீர் கழிவுக் குழலுக்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

புரொப்பேனும் பேட்டரியும் எவ்வளவு நேரம் தாங்கும்?

20 பவுண்டு சிலிண்டர் ஒன்றில், மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்ப அளவு) எரிக்கும் ஃபர்னஸ் இடைவிடாமல் ஓடினால் ஏறக்குறைய 14 மணி நேரம் ஓடும். கடுங்குளிர் இரவில் அது பாதி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்குச் சற்றே மேல். புரொப்பேன் −42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகும் என்றாலும், குளிர் கூடும்போது சிலிண்டரில் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். மாற்றுச் சிலிண்டர் இல்லாமல் படுக்கைக்குப் போகாதீர்கள்.

ஃபர்னஸின் விசிறி 7 முதல் 10 ஆம்பியர் எடுக்கும். மின் இணைப்பு இல்லாத இடத்தில், சாதாரண பேட்டரி ஒன்று விடியும் முன்பே இறங்கிவிடக்கூடும். இறங்கிய ஈய-அமில பேட்டரி தானும் உறைந்து வெடிப்பு விடும். லித்தியம் பேட்டரியைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது.

உறைந்தே போய்விட்டால்?

பம்பை உடனே அணையுங்கள். குழாய்முனைகளைத் திறந்துவைத்து, உறைந்த இடத்தைத் தலைமுடி உலர்த்தியால் மெதுவாகச் சூடாக்குங்கள். தீச்சுடரை அருகில் கொண்டுபோகாதீர்கள். உருகியதும் எல்லாவற்றையும் மூடிப் பம்பை இயக்கி, காதைக் கொடுத்துக் கேளுங்கள். அழுத்தம் ஏறியதும் அது ஓய்ந்துவிட வேண்டும். யாரும் குழாயைத் திறக்காமலே சில நிமிடங்களுக்கு ஒருமுறை உறுமினால், எங்கோ ஒழுகுகிறது.

வெப்பமான இடத்தை அடைந்ததும் மீண்டும் பயன்படுத்துவது எப்படி?

வானிலை அறிவிப்பைப் பார்த்து, இனி உறைகுளிர் இல்லை என்று தெரிந்த பிறகு தொடங்குங்கள்; வடக்கு ஃபுளோரிடாவிலும் ஜனவரி இரவுகள் சில வேளை பூச்சியத்துக்குக் கீழே போகின்றன. ஹீட்டரின் பைபாஸை அப்படியே வைத்துக்கொண்டு, நிறமும் நுரையும் நிற்கும் வரை ஒவ்வொரு குழாயிலும் தண்ணீரை ஓடவிடுங்கள். பிறகு பைபாஸைத் திருப்பி, ஹீட்டருக்குள்ளும் தண்ணீரை விடுங்கள்.

அடுத்தது கிருமி நீக்கம். தொட்டியின் ஒவ்வொரு 15 கேலனுக்கும், அதாவது 57 லிட்டருக்கும், கால் கோப்பை, ஏறக்குறைய 60 மில்லிலிட்டர், மணமில்லாத சாதாரண பிளீச்சைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் அதன் வாடை வரும் வரை ஓடவிட்டு மூடுங்கள். நான்கு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பின்னர் முழுவதும் வடித்து, வாடை போகும் வரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஃபில்டரின் வடிகட்டியை அதன் பிறகே பொருத்துங்கள்.

வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று விட்டுவிட்டு வராமல் தண்ணீர் சீராக விழுகிறது என்று பார்க்கும் வரை ஹீட்டரின் மின் சுவிட்சைத் தொடாதீர்கள். காலித் தொட்டியில் அதன் மின்சூடாக்கி சில நொடிகளிலேயே கருகிவிடும்.